நவம்பர்ல உதிர்ற மரம்

அதில்ல டெரில் தம்பி, ரோட்டோரம் வேண்டாம். வெயில் அங்கதான் நல்லா விழுது, தெரியும். மண்ணும் நல்ல மண்ணுதான். ஆனா ரோட்டோரம் பெர்சிமன் மரம் வெச்சா பழத்துக்கு மானும் ரோட்டோரந்தானே வந்து நிக்கும்? எனக்கு மான் இந்தப் பக்கமே இருக்கணும். ரோட்டத் தாண்டவே கூடாது. நர்சரியிலேர்ந்து ஒங்கள வரச் சொன்னதே அதுக்குத்தான். வாங்க, ஓடைப் பக்கம் போவோம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. மக உள்ள தூங்கறா. ராத்திரி வேலை.

என்னது, செப்டம்பர்ல உதிர்ற ரகமா? எல்லாரும் அதத்தான் கேக்கறாங்களா? கேப்பாங்க. டென்னசியில வில்லு தூக்கறவனுக்கெல்லாம் வேட்டை சீசன் தொடங்கறப்பவே பழம் உதிரணும், மான் வந்து எதிர்ல நிக்கணும். நான் வேட்டைக்குக் கேக்கல. துப்பாக்கிய மச்சான்கிட்ட குடுத்து ரொம்ப நாளாச்சு. மரத்து மேல பரணா? அதெல்லாம் இல்லப்பா. எனக்கு நவம்பர்ல உதிரணும். அதுவும் ஒரே காத்துல மொத்தமாக் கொட்டிறக் கூடாது. கொஞ்சங் கொஞ்சமா மாசம் பூரா விழணும். நவம்பர்லதானே கெடா மான் பொட்டையத் தொரத்திக்கிட்டு கண்ணு மண்ணு தெரியாம ஓடும்? இங்கயே தீனி கெடச்சா பொட்டை நகராது. பொட்டை நகராட்டி கெடாவும் நகராது. நம்ம ஆளுங்க மாதிரிதான், சிரிக்காதீங்க.

அதோ, ரோட்டுக்கு அந்தாண்ட, வளைவுல நிக்குதே பெரிய மரம், அது பக்கத்துக்கார ஹார்லனோடது. தானா மொளச்சது. நவம்பர் கடைசி, தாங்க்ஸ்கிவிங் விருந்து வரைக்கும் பழம் தொங்கும். நம்ம காட்டு மானெல்லாம் அந்தியில ரோட்டத் தாண்டி அங்கதான் போவும். வெட்டிருய்யான்னு கேட்டேன். மான் தண்ணி குடிக்கிற ஒன் ஓடைய நீ மூடு, நான் மரத்த வெட்டறேங்கறான். அவனுக்கு வருஷா வருஷம் மான்கறியே அதுக்குக் கீழதானே. போன நவம்பர் பூரா மானுங்கள வெரட்ட அந்த வளைவுல தகரத்தத் தட்டிக்கிட்டு நின்னேன். அவன் வண்டிய நிறுத்தி, என்ன லோவெல், மானுக்கு டிராஃபிக் போலீஸ் வேலை கெடச்சிருச்சான்னு கேட்டுட்டுப் போறான்.

இருங்க. வண்டிச் சத்தம்... தபால் வண்டிதான். மெதுவாத்தான் போறான். சரி.

இதுதான் நான் சொன்ன நாலு பெர்சிமன் மரம். நல்லா வளந்திருக்கில்ல? என் வீட்டுக்காரி ஒலீட்டா வெச்சது. ஹார்லன் மரத்துப் பழத்தத் தின்னுட்டு கொட்டையக் கத்தியால பொளப்பா. உள்ள கரண்டி மாதிரி தெரியுது, இந்தக் குளிருக்குப் பனி கொட்டும்னு ஊருக்கெல்லாம் சொல்லுவா. பொளக்காத கொட்டைய மோர் டப்பாவுல போட்டு மொளைக்க வெச்சா. வருஷக்கணக்காத் தண்ணி ஊத்தினோம். பூத்துச்சு. பாத்தா நாலும் ஆண் மரம். ஒரு காய் கெடையாது. நாலு மாப்பிள்ளைக்கு ஒக்கார வெச்சு சோறு போடறேன்னு அவளே சிரிப்பா.

புதுக் கன்னா? அது வளந்து காய்க்க எத்தன வருஷம்? ஐயோ, யாரு காத்திருக்கறது. இதுகளையே அறுத்து, காய்க்கிற மரத்துக் குச்சிய ஒட்டுப் போட்டா? வேர் ஏற்கனவே எறங்கியிருக்குல்ல, சீக்கிரம் காய்க்குமில்ல? ரெண்டு மூணு வருஷமா... இந்த நவம்பருக்கு ஆகாதா? சரி, சரி, கோவிச்சுக்காதீங்க, நீங்க என்ன கடவுளா. இந்த வருஷமும் தகரந்தான்.

அப்ப மூணுல ஒட்டுப் போடுங்க. ஓரத்து மரத்த விட்டுருங்க, காய் பிடிக்க ஒரு ஆண் வேணும்னீங்களே.

கைவாள்தானே கொண்டாந்திருக்கீங்க? நல்லது. மெஷின் வாள்னா மக ரெனிட்டா எந்திரிச்சிருவா. அம்மா வெச்ச மரம்னு கட்டிப் புடிச்சுக்குவா. ஒலீட்டா உசுரு அந்த வளைவுலதான் போச்சு. நவம்பர், அந்தி நேரம், மான் கண்ணாடிய ஒடைச்சுக்கிட்டுக் காருக்குள்ளயே வந்திருச்சு. இப்ப இவ, அப்பா தனியாக் கெடக்காரேன்னு டவுன் வீட்டக் காலி பண்ணிட்டு இங்க வந்திருக்கா. அந்தியில அதே வளைவுலதான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போறா, விடியல்ல அதே வளைவுலதான் திரும்பி வர்றா. டவுன்லயே இருடின்னா, ஒனக்கு யாருப்பா சோளரொட்டி சுட்டுத் தருவாங்கறா.

எந்திரிச்சுப் பாத்து அழுவா. அழட்டும். மார் உயரத்துல அறுக்கணும்னீங்க இல்ல? இங்கயா, இன்னும் கொஞ்சம் மேலயா?