அப்பாவின் பெயரில் ஆடிய அணித்தலைவருக்கு

ஜெர்மனி, ஹம் நகர் வளர்மதி விளையாட்டுக் கழகத்தின் அசையாத அரணே! பதினெட்டு ஆண்டுகள் ஒரே கழகத்தின் சட்டையை அணிந்து, பன்னிரண்டு ஆண்டுகள் எமக்குத் தலைமை தாங்கிய அன்பு அண்ணன் பென்ஜமின் அவர்களே! வணக்கம்.

இன்று நீங்கள் உதைபந்தாட்டக் களத்திலிருந்து ஓய்வு பெறுகிறீர்கள். மனமில்லாமல்தான் பெறுகிறீர்கள் என்பது எமக்குத் தெரியும். ஏன் என்பதும் இப்போது தெரியும்.

கழகத்தின் பதிவேடுகளை இரண்டு தடவை சரிபார்த்தோம். ஆட்டங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. கோல்கள் ஒன்பது, அவற்றுள் இரண்டு எமது வலைக்குள்ளேயே போனவை! நீங்கள் தடுத்தவற்றுக்குப் பதிவேடு இல்லை. சனிக்கிழமை தொழிற்சாலையில் மேலதிக வேலை பார்த்துவிட்டு, பனிக்கால ஞாயிறிலும் எல்லோருக்கும் முதல் மைதானத்துக்கு வந்து, கோடுகளை மூடிய பனியைச் சுரண்டியதற்கும் இல்லை.

1996இல் பக்கத்து ஊரின் பெரிய ஜெர்மன் கழகம் உங்களை அழைத்தது. நீங்கள் போகவில்லை. எம்மீதுள்ள அன்பினால்தான் என்று பத்து வருடமாகப் பெருமை பேசினோம். அது பாதி உண்மைதான்.

ஜெர்மன் பத்திரங்களில் உங்கள் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகப் பதிவானதால், வேலையிடத்திலும் வைத்தியரிடத்திலும் நீங்கள் 'ஹேர் பென்ஜமின்', அதாவது திரு. பென்ஜமின். 1989இல் உங்களைக் கழகத்தில் பதிந்த நேசமலர் அக்கா மட்டும், குடும்பப் பெயருக்கான கட்டத்தில் உங்கள் தந்தையாரின் பெயரை எழுதிவிட்டார். ஆட்டக்காரர் அடையாள அட்டையில் 'இராயப்பு' என்றே வந்தது. நடுவர்களும் எதிரணிகளும் உங்களை அப்படியே கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து மன்னாரில் தந்தையார் காலமானார். பயணப் பத்திரம் இல்லாத உங்களால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அதே மாதம் அக்கா பிழையைக் கண்டு, திருத்தப் படிவத்தோடு ஓடி வந்தார்.

"அது அப்பிடியே கிடக்கட்டும் அக்கா" என்றீர்கள்.

வேறு கழகம் போனால் புது அட்டை; புது அட்டையில் கடவுச்சீட்டுப் பெயர்தான் வரும். இது எமக்கு விளங்கியது கடந்த ஏப்ரலில்தான். இனி ஆடக்கூடாது என்று வைத்தியர் சொன்ன பிறகும், வீங்கிய முழங்காலுக்கு நீங்கள் துணி சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணை, முழங்கால் பென்சன் எடுத்திட்டுது. நீங்கள்தான் இன்னும் எடுக்கேல்லை" என்று எமது அணியின் தபோதரன் பகிடி விட்டார்.

"டேய், ஞாயிறில மட்டும்தான் அப்பாவை ஆராவது கூப்பிடுறாங்கள். நான் விட்டா, அந்தப் பேரை இஞ்ச ஆர் சொல்லப்போறான்?"

உடைமாற்றும் அறையில் துணியை இறுக்கிக் கட்டியபடியே இதைச் சொன்னீர்கள்.

அண்ணா, கழகம் கூடிப் பேசியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவரிடம் கொடுக்கும் படிவத்தில் பயிற்சியாளருக்கு ஒரு வரி உண்டு. மூன்று வருடமாக அதை வெறுமையாகவே விட்டிருந்தோம். ஓகஸ்டில் நடக்கும் முதல் ஆட்டத்துக்கு அந்த வரியை நிரப்பிவிட்டோம். எழுதியவர் நேசமலர் அக்காதான்.

"முந்தித் தெரியாமல் எழுதினனான். இப்ப தெரிஞ்சுதான் எழுதுறன்" என்றார். 'இராயப்பு' என்று எழுதினார்.

மறுக்காமல் வாருங்கள், அண்ணா! முழங்கால் நோவு தீர்ந்து, துணைவியார் கொறற்றி அவர்களுடன் நூறாண்டு நலமாக வாழுங்கள்! ஞாயிறு தோறும் கோட்டுக்கு வெளியே நின்று, எம்மைப் பார்த்து உரத்துக் கத்துங்கள். நடுவர் பொறுக்கமாட்டாமல் ஓடி வந்து, பெயர் சொல்லி உங்களைக் கண்டிக்கட்டும்!

உங்களைப் பின்னால் நம்பி, முன்னால் ஓடிய
வளர்மதி அணியினர்
ஹம், 16.06.2007