பத்து மணி நேரம் என்று சொன்னவர்கள் வாசிக்கும் மடல்

பறந்து செல்வோர்க்கெல்லாம் பாதை சொன்ன பண்பின் பெட்டகமே! புதுவை நகரில் பயணச்சீட்டுப் பணியில் முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்த மூத்தவரே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்புக்குரிய செந்தமிழ்ச்செல்வி அம்மையீர்! வணக்கம்.

அடைமொழிகளை அடுக்க அடுக்கக் கை கூசுகிறது. ஆயினும் அவற்றுள் ஒன்றும் மிகையன்று.

சென்னைக்கும் பாரிசுக்கும் இடையே ஏறத்தாழ எண்ணாயிரம் கிலோமீட்டர். எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும், "பத்து மணி நேரந்தாங்க" என்று வானில் பறக்கும் நேரத்தை மட்டும் சொல்லி டிக்கெட் விற்பது எங்கள் பழக்கம். வீட்டு வாசலில் கார் ஏறுவது தொடங்கி, வளைகுடாவில் விமானம் மாறக் காத்திருந்து, போய் இறங்கிப் பெட்டி எடுப்பது வரை கூட்டிச் சொல்வது உங்கள் வழக்கம். "அக்காகிட்ட கேட்டா பாரிசு இன்னும் தள்ளிப் போயிடும்" என்று கேலி செய்தோம். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

சென்ற ஆண்டு, நீங்கள் விடுப்பிலிருந்த நாளில், நம் நெடுநாள் வாடிக்கையாளர் நெல்லித்தோப்பு அன்வருதீன் ஐயா காலமானார். பாரிசிலிருந்து வரவேண்டிய மகன் ஆசிப்புக்கு டிக்கெட் போட்டவர்கள் நாங்கள். "புள்ள எப்ப வந்து சேருவான்?" என்று உறவினர் தொலைபேசியில் கேட்டார். "பத்து மணி நேரந்தாங்க, மதியத்துக்குள்ள வந்துடுவாரு" என்றோம். விமானம் மாறும் நேரத்தையும் சென்னையிலிருந்து சாலையில் வரும் நேரத்தையும் வழக்கம்போல் விழுங்கிவிட்டோம்.

செல்வி இருக்கும் அலுவலகம் சொன்ன நேரம் தப்பாது என்பது அவ்வீட்டின் நம்பிக்கை. மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அறிவித்தார்கள். மாலை அஸர் தொழுகை வரை தள்ளியும் பார்த்தார்கள். இரவாகும் என்று சொல்லியிருந்தால் இரவுக்கே வைத்திருப்பார்கள். ஆசிப் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தந்தையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"யாருங்க பத்து மணி நேரம்னு சொன்னது?" என்று அவர் நம் அலுவலகத்தில் வந்து நின்றபோது, நாங்கள் கணினித் திரைகளுக்குள் முகம் புதைத்தோம். சொன்னவருக்கு வேலை போய்விடும் என்றஞ்சி நீங்கள் எழுந்தீர்கள். "நான்தான் தம்பி சொல்லிட்டேன். மன்னிச்சிடுப்பா."

அம்மையீர், அன்றிலிருந்து உங்கள் இருபதாண்டுத் தோழி கரீமா அம்மாள், அன்வருதீன் ஐயாவின் துணைவியார், உங்களோடு பேசுவதில்லை. கடைத்தெருவில் கண்டாலும் விலகிப் போகிறார். அதையும் நாங்கள் பார்த்துக்கொண்டே உங்களோடு தேநீர் குடித்தோம். வெட்கமாக இருக்கிறது.

எங்கள் அழைப்பை ஏற்று இந்த அவைக்கு வந்திருக்கும் கரீமா அம்மா! செல்வி அம்மையார் அன்று அலுவலகத்திலேயே இல்லை. சொன்னது, இப்போது உங்கள் முன் நின்று இம்மடலை வாசிக்கும் நான்.

நோய்நொடி அணுகாமல் நூறாண்டு வாழ்க என்று உங்களை வாழ்த்த எங்களுக்கு ஆசை, அம்மையீர். அந்தத் தகுதி இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை. வாழ்க நீங்கள்!

இங்ஙனம்,
தொலைபேசியில் பதில் சொன்ன துர்கா,
பக்கத்து மேசையில் கேட்டும் திருத்தாத பலராமன், நெடுமாறன்,
தெரிந்தும் வாய் திறக்காத மற்ற ஊழியர்கள்.