பறந்தாலும் ஐம்பது வராது

குந்தாரப்பள்ளிச் சந்தை மாடுகள் ரோட்டை அடைத்ததில், கிருஷ்ணகிரியில் ஒரு மணிக்குக் கிளம்பிய எங்கள் ஓசூர் பஸ் பாதித் தூரமான சூளகிரிக்கு வரும்போதே மணி இரண்டு.

"ரெண்டு மணி ஷிஃப்ட்டுண்ணா," என்றாள் முன் சீட்டில் கம்பெனிச் சீருடையில் இருந்த பெண்.

"பயப்படாதம்மா," என்றார் கண்டக்டர். "இதுவரைக்கும் இருபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல வந்தோம். இனி எழுபத்தஞ்சுல போனா சராசரி அம்பது. அம்பதுல போனா ஓசூர் ஒரு மணி நேரம்தான்."

"அந்த ஒரு மணி நேரம் இங்கயே தீந்துபோச்சேண்ணா! இனி பறந்தாலும் அம்பது வராது. வேகத்தக் கூட்டி ரெண்டால வகுக்கக் கூடாது. இதுக்குக் கணக்குல 'ஹார்மோனிக் மீன்'னு சொல்ற இசைச் சராசரிதான் பாக்கணும்."

கண்டக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணே, எப்படிப் போனாலும் லேட்டுதானாம். இசைதான் வேணுமாம், பாட்டப் போடுங்க!"