இரண்டாம் முறைச் சம்பளம்

என் பெயரும் முகவரியும் மேலே நான் சொல்லி எழுத்தர் எழுதியபடியே. வயது இருபது. பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். அம்மா தையல் வேலை செய்கிறார். அப்பா இல்லை. யாரும் வற்புறுத்தாமல் இதைச் சொல்கிறேன்.

எங்கள் படிப்பில் ஒரு பருவம் வகுப்பு, அடுத்த பருவம் ஏதாவது கம்பெனியில் சம்பளத்துடன் பயிற்சி வேலை. கோ-ஆப் என்போம். முதல் முறை போகிறவனுக்குக் கிடைப்பது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். அதே இடத்துக்கு இரண்டாம் முறை போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. யாருக்கு எவ்வளவு என்பதுதான் எங்களுக்குள் ஓயாத பேச்சு. நான் இந்தப் பருவம்தான் முதல் முறையாக, ஒரு குளிர்பதனக் கிடங்கில் சேர்ந்தேன்.

சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "வாப்பா, திரும்பி வரமாட்டேன்னு நெனச்சேன்" என்றார். ஆளை மாற்றிப் பேசுகிறார் என்று சிரித்துக்கொண்டேன். அதன்பின் அவர் ஓர் அலமாரியைத் திறந்து, அதிலிருந்த ஷூவைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். யாரோ போட்டுத் தேய்ந்த ஷூ, எனக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. நான் வலது காலைச் சாய்த்து நடப்பவன். அந்த ஷூவும் வலது குதிகாலின் வெளி ஓரத்தில்தான் தேய்ந்திருந்தது.

அதன்பின் முதல் மாதச் சம்பளமே இரண்டு மடங்காக வந்தது. கணக்குப் பிரிவு அக்காவிடம் கேட்டேன். "ரெண்டாவது தடவை வர்றவங்களுக்கு இதான்பா. இல்ல, இப்பதான் மொத தடவைன்னா சொல்லு, மாத்திடறேன்" என்றார். அம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை; ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். "ரெண்டாவது தடவைதான்க்கா" என்றேன். சந்தோஷமாகவே இருந்தது.

அதன்பின் என்னை எல்லா வேலைக்கும் விரட்டியவர்கள், சரக்கு லிஃப்ட் பக்கம் மட்டும் அனுப்பவில்லை. காரணம் கேட்டேன். "அத விடுப்பா. நீ என்ன வேணும்னேவா செஞ்ச?" என்று மேற்பார்வையாளர் தோளைத் தட்டினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதன்பின் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவழைக்கப்பட்டேன். போன பருவம் அந்த லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்த மெக்கானிக், யாரோ சுவிட்சைப் போட்டதால் நசுங்கி இறந்தார் என்றும், சுவிட்சுக்குக் காவல் நின்றவன் ஒரு பயிற்சி மாணவன் என்றும் இங்கேதான் தெரிந்துகொண்டேன். புகார் கொடுத்திருந்த அவருடைய மனைவி என்னைப் பார்த்தார். "இந்தத் தம்பிதான். அவருக்கு டீ வாங்கிட்டு வந்து குடுக்கும்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

நான் அப்போது வகுப்பில் இருந்தேன் என்று சொல்வதற்கு அம்மாவை வரவழைத்தேன். அவர் இன்ஸ்பெக்டரிடம், "அங்கதாங்க போய்ட்டிருந்தான். அந்த ஆளு செத்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து குளிச்சுக்கிட்டே இருந்தான்" என்றார்.

"நான் காலேஜ்லதானம்மா இருந்தேன்?" என்றேன்.

"என்னடா பேசற? அந்தச் சம்பளத்துலதான இந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணோம்."

பார்த்தேன். அம்மாவின் வலது கண் தெளிவாக இருந்தது.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டது. உண்டு. நான் சுவிட்சைத் தொட்டபோது மெக்கானிக் குழிக்குள்ளிருந்து, "தம்பி, இன்னும் கொஞ்சம் இரு" என்றார். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மேலே உள்ளதை எழுத்தர் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் நடந்ததுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.