வெண்கலக் கிளாம்பும் இரும்பு போல்ட்டும்

வங்காள விரிகுடாவையே ஆளாக அமர்த்திக் கொலை செய்தவன், இந்தப் பட்டணத்தில் நான் ஒருவன்தான். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். கொல்லன் ஹபீபுர் ரஹ்மான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பான். "உப்புத் தண்ணி ஆளைக் கொல்லுமா? உடான்ஸ் வுடாதே நைனா."

நாற்பத்திரண்டில் பட்டினப்பாக்கத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலை இருந்தது. அங்கே ஸ்டோர் என் பொறுப்பு. கடல்நீர் இழுக்கும் குழாயைக் கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் அடியில், அலை நனைக்கும் இடத்தில் தொங்கவிட வேண்டும். குழாய்க்குள் இரண்டு யானை நுழையலாம். சரி, ஒரு யானை. குழாயைப் பிடித்துக்கொள்ள வெண்கலக் கிளாம்பு கையிருப்பில் இருந்தது. வெண்கல போல்ட்டெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. இரும்பு போல்ட்டைப் போட்டால் உப்புநீரில் வெண்கலம் அதைத் தின்றுவிடும், கிளாம்பும் இரும்பாகவே இருக்கட்டும் என்றேன்.

ஃபோர்மன் தணிகாசலம் ஆட்கள் முன்னால் கேட்டார்: "இன்னா சிதம்பரநாதா, வெண்கலத்துக்குப் பல்லு மொளச்சிக்கீதா?" எழுந்த சிரிப்பு அடையாறு வரை கேட்டது.

ஹபீபு இரும்பு போல்ட்டு அடித்துக் கொடுத்தான். குறை சொல்ல முடியாத வேலை.

மூன்றாம் மாதம் வெண்கல போல்ட்டு ஒரு சாக்கு வந்து சேர்ந்தது. என் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தணிகாசலம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். துரு பார்வைக்கு நன்றாயிராது என்று பாலத்தடியில் இருந்த இரும்பு போல்ட்டுகளுக்கு மாதாமாதம் பச்சைப் பெயிண்டு அடித்தேன். சுத்தியலால் தட்டியும் பார்ப்பேன். முதலில் கணீரென்றது. ஐப்பசியில் விரிசல் விட்ட சட்டிபோல் ஒலித்தது. அன்று குழாய் கசிகிறதென்று நான்தான் அவரைக் கீழே அனுப்பினேன். நிமிர்ந்து பார்த்து, நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. நிமிர்ந்து பார்த்தார். போல்ட்டு அறுந்து குழாய் இறங்கியது. வார்த்தைக்கு நேரமில்லை.

அவர் மனைவி சொர்ணம் எதிரே வந்தால் இன்றைக்கும் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். ஹபீபு அந்த வருஷமே பட்டறையை மூடினான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஏழு வருஷம் கழித்து நேற்று அந்தச் சாக்கை அவன் வீட்டுத் திண்ணையில் பிரித்து, அது எந்த மாதம் வந்ததென்றும் சொன்னேன். வெண்கலம் ஒரு புள்ளிகூடக் கறுக்கவில்லை. அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தான். அதில் அறுந்த போல்ட்டு ஒன்று. பச்சைப் பெயிண்டு தோலுக்குள் குச்சி மாதிரி இளைத்திருந்தது.

"என் அடி சரியில்ல, நான்தான் அந்த மனுசனைக் கொன்னேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றான். சாக்கைத் திரும்பக் கட்டினான்.

"நீ சொன்னது நெசந்தான் நைனா. கொலைதான் நடந்துகீது."