பேராசிரியர் வீட்டுச் சம்பந்தம்

வேணாம்மா, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இப்படி உக்காருங்க. சார் வர அரைமணி ஆகும். விருதுன்னதும் சலூனுக்குப் போயிருக்கார். உங்க பத்திரிகையில போட்டோ வருமில்ல, இருக்கிற இருபது முடிக்கும் சாயம் வேணுமாம்.

எங்க விட்டேன்? ஆங், ஸான்ஸிபார் தீவு. கல்யாணமான மறுமாசமே ஆராய்ச்சிக்குன்னு கிளம்பிட்டார். பதினாலு மாசம். நான் இங்க திருமுல்கேரியில மாமியாரோட, அவர் அங்க கிராம்புத் தோட்டத்துக் கிழவர்களோட. அரபி, சுவாஹிலி எல்லாம் தண்ணிபட்ட பாடு. பால்காரர்கிட்ட அரை லிட்டர்னு தெலுங்குல கேக்க மட்டும் நான் வரணும்.

புஸ்தகமா? நாலு. ஆப்பிரிக்காவுலேருந்து அடிமையா, சிப்பாயா, மாலுமியா வந்த முஸ்லிம் ஜனங்க இந்தக் கரையில எப்படிக் குடும்பம் நடத்தினாங்க, யார் யாரைக் கட்டிக்கிட்டாங்க, அதான் முப்பத்தஞ்சு வருஷமா அவர் பிழைப்பு. அத்தனையும் டைப் அடிச்சது நான். கடலே சம்பந்தி ஆயிடுச்சுன்னு ஒரு இடத்துல எழுதியிருப்பார். லண்டன்ல எழுந்து நின்னு கை தட்டினாங்களாம்.

இங்கயா? சிரிக்காதீங்க. நிஜாமோட குதிரைப் படைக்கு வந்த ஆப்பிரிக்கக் குடும்பங்க இதே ஊர்ல, ஏ.சி. கார்ட்ஸ்னு ஒரு பேட்டையில இருக்காங்க. ரெண்டு பஸ் மாறினா போயிடலாம். சார் போனதே இல்ல. எங்க பொண்ணு சாஹித்யாதான் போனா. ஆராய்ச்சிக்கில்ல, அவ காலேஜ்ல புட்பால் கோச்சா இருந்த ஹஸன் வீட்டுக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை அவரை இங்க கூட்டிட்டு வந்தா. சாருக்குத் தலைகால் புரியல. உங்க கொள்ளுத்தாத்தா எந்த ஊரு, எந்தக் கப்பலுன்னு ஒரு மணி நேரம் நோட்டுல எழுதித் தள்ளினார். அப்புறம் இவ, அப்பா நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னா. பேனாவை மூடினார். வாயையும் சேத்து. ஆறு வருஷம் ஆச்சு.

நானா? நானும் அவ கல்யாணத்துக்குப் போகல, வீட்டுக்கும் போகல. போன்ல பேசினதோட சரி, அதுவும் சார் வாக்கிங் போறப்ப. பெரிய வீராங்கனை மாதிரி உங்ககிட்ட பேசிட்டிருக்கேன், பாருங்க.

இதையும் எழுதலாமாவா? தாராளமா எழுதுங்க, எனக்கென்ன.

ஹாரன் கேக்குதா? ஹஸன்தான். காலையில சாஹித்யாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. நான் போறேன். எத்தனை நாளா? தெரியலம்மா, அவளே போதும்னு சொல்றவரைக்கும். இந்தாங்க சாவி, சார்கிட்ட குடுத்துடுங்க. பிளாஸ்க்ல காபி இருக்கு. போட்டோ அனுப்பியிருக்கா, குழந்தைக்கு மூக்கு அப்படியே சாரோடது. அதையும் சொல்லிடுங்க.