உரும்பிராயிலிருந்து விரும்பிக் கேட்டவர்கள்

பின்னேரம் ஆறரை. மருதனார்மடத்திலிருந்து உரும்பிராய்க்குப் போகிற வீதி. இரண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம். ஆள் இல்லை, அரவம் இல்லை... ஷெல்லுக்குப் பயந்து சனம் பொழுதுபடமுன் வீட்டுக்குள் போய்விடும்.

விளக்கைத் தணித்துவிடுங்கள். மண்ணெண்ணெய் விற்கிற விலைக்குப் பேய்க்கதைக்கு இவ்வளவு வெளிச்சம் போதும். கிட்ட வந்து இருங்கள்.

இது நடந்தது எங்கள் ஆழ்வாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தமையன் சோமசேகரத்துக்கு. போன வருசம். ஆழ்வாப்பிள்ளை கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணிச் சொன்னான், அதனால் நம்புகிறேன்.

சோமசேகரம் சைக்கிளில் வருகிறார். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. முதல்நாள் இரவு அவருடைய மனைவி நாகேஸ்வரி, கொழும்பில் கண் வைத்தியரிடம் காட்டவென்று தரைப்பாதை பூட்டியிருந்ததால் கிளாலிக் கடலைக் கடக்கப் படகு ஏறியிருந்தாள். துணைக்குப் பக்கத்து வீட்டு முருகேசு. காலையிலிருந்து சந்தையில் ஒரே கதை... ராத்திரிப் படகுகளில் ஒன்று அக்கரைக்குப் போய்ச் சேரவில்லையாம். எந்தப் படகு? ஒருவருக்கும் தெரியாது. செய்தியில் சொல்லக்கூடும்.

திருத்தக் கொடுத்த றேடியோவை அன்றுதான் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தார். ஆனால் பற்றறிக்கு எங்கே போவது? அதற்கு அரசாங்கத் தடை. நாங்கள் எல்லோரும் செய்கிறதுதானே... சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை றேடியோவில் கொளுவி, பெடலைக் கையால் சுற்றினால் பாடும். அவருக்கு வீடு போகும்வரை பொறுமை இல்லை. றேடியோவைக் கைபிடியில் கட்டினார். வயரைக் கொளுவினார். டைனமோவைச் சில்லில் தட்டிவிட்டு மிதித்தார். ஓடினால் பாடும், நின்றால் நிற்கும்.

கிர்ர்ர்... டைனமோ. பிறகு வெறும் இரைச்சல். முள்ளைத் திருகுகிறார், மிதிக்கிறார், திருகுகிறார். செய்தி அகப்படவில்லை. பனங்கூடல் வந்தது. அங்கே ஒரு மணம்... கடற்பாசி மணம். உரும்பிராய் எங்கே, கடல் எங்கே?

இரைச்சல் நின்றது. ஒரு பாட்டின் முகப்பிசை.

சோமசேகரத்துக்கு உடனே அடையாளம் தெரிந்தது. எழுபதுகளில் கிழமைக்கொரு தரம் வந்த பாட்டுத் தரவரிசை நிகழ்ச்சி அது. நின்றுபோய் எத்தனையோ வருசம்.

நீங்கள் அப்போது தொட்டிலில். நேயர்கள் தபாலட்டை போடுவார்கள். கூடுதலாக அட்டை வந்த பாட்டு முதலிடம். போட்டவர்களின் பெயரை ஊர் ஊராக வாசிப்பார்கள். தன் பெயரைக் கேட்கவேண்டுமென்று அடுப்பில் சோறு கருகக் கருக இருந்தவர்கள் உண்டு. நாகேஸ்வரி எந்தப் பாட்டுக்கு அட்டை போடுகிறாளோ, அதே பாட்டுக்குச் சோமசேகரமும் போடுவார். இரண்டு பெயரும் கிழமை தவறாமல் பக்கத்தில் பக்கத்தில் வர, பெண்ணின் தகப்பனுக்கே விளங்கி, அவரே கலியாணம் பேசி வந்தார். றேடியோக்காரன் பார்த்த பொருத்தம் என்று ஊர் பகிடி பண்ணும்.

இப்போது முதலிடம். நாகேஸ்வரியின் பாட்டு, மாதக்கணக்காக முதலிடத்தில் நின்ற அதே பாட்டு. அறிவிப்பாளரின் குரலில் அதே குழைவு.

"உரும்பிராயிலிருந்து விரும்பிக் கேட்டவர்கள்... ஏரம்பு..."

சோமசேகரம் சிரித்தேவிட்டார். ஏரம்பு ஒரு கிழமைக்கு ஐந்து அட்டை போடுகிற விசரன். பிறகு சிரிப்பு நின்றது. ஏரம்பு எண்பத்தேழில் ஷெல் பட்டுச் செத்தவன்.

"பத்மாசினி..."

முந்தின வருசம் காய்ச்சலில் போனவள். சோமசேகரமும் பாடை காவியவர். காலை எடுக்கப் பார்க்கிறார்... கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது.

"முருகேசு..."

முருகேசு சாகவில்லையே! முருகேசு நாகேஸ்வரியோடு படகில் போனவன்.

அறிவிப்பாளர் மூச்செடுக்கிற சத்தம். பிறகு... "நா..."

பிறேக்கைப் பிடித்தார். றேடியோ செத்தது.

வயரைக் கழற்றிவிட்டு உருட்டிக்கொண்டு போயிருக்கலாம். சிரிக்காதீர்கள், பயத்தில் உங்களுக்கும் அது ஓடியிராது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். சில்லு ஒரு சுற்றும் சுற்றக்கூடாது. சுற்றினால் அவள் இல்லை. அவ்வளவு ஆசை அவள்மேல்.

மறுநாள் முருகேசுவின் உடல் கரை ஒதுங்கியது. அந்தப் படகில் போனவர்களில் ஒருவரும் மிச்சமில்லை என்றார்கள். சொந்தக்காரர் வந்து அழுதார்கள். சோமசேகரம் மட்டும் அழவில்லை. சாப்பிடவும் இல்லை, ஒரு இடத்தில் இருக்கவும் இல்லை. முற்றத்துக்கும் படலைக்கும் நடையாக நடந்தார். ஆழ்வாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"பேர் வாசிக்கேல்லையடா, தம்பி. முழுக்க வாசிக்கேல்லை. அப்ப அவள் இருக்கிறாள்."

"ஓம் அண்ணை... இருக்கிறா," என்றானாம் இவன். வேறு என்னத்தைச் சொல்வது?

செத்தவர்களுக்கு எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவுக்கு ஆயத்தம் பண்ணுகிற நேரம், நல்ல வெயிலில், படலையைத் திறந்துகொண்டு நாகேஸ்வரி வந்தாள். தனியே. சேலை உப்புப் பூத்து விறைத்திருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. வீடே குளறியது. சோமசேகரம் ஓடிப்போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது, சிறுபிள்ளை அழுகிறமாதிரி.

அவள் அழவில்லை. அவரைக் கோபமாகப் பார்த்தாள்.

"ஏனப்பா இடையிலை நிப்பாட்டினீங்கள்? அடுத்தது என்ரை பேரெல்லே."

பனங்கூடலில் நடந்ததை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். சமைக்கிறாள், தண்ணீர் அள்ளுகிறாள், போனால் தேத்தண்ணீர் தருவாள். நித்திரை மட்டும் கொள்வதில்லை. வந்த நாள் தொடக்கம் ஒரு இரவும் இல்லை. சோமசேகரம் எப்போது கண் விழித்துப் பார்த்தாலும், பாயில் நிமிர்ந்திருந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காது கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம்... கண்ணயர்ந்தால் பெயரைத் தவறவிட்டுவிடுவாளாம்.